இணையம் வந்துவிட்டது, சன்னல் திரை ஏன் இன்னும் வரவில்லை?

இடியுடன் கூடிய மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் நின்றுபோன இணையச் சேவை திரும்பிவிட்டது. உங்கள் திறன்பேசியில் காணொளி ஓடுகிறது. ஆனால் மேற்குப் பக்கச் சன்னலில் இருக்கும் தானியங்கித் திரை மட்டும் அசைய மறுக்கிறது. செயலியைத் திறந்தால் ‘இணைப்பில் இல்லை’ என்று காட்டுகிறது. மாலை வெயில் நேராகத் தாத்தாவின் கட்டிலில் விழுகிறது. அவரால் எழுந்து சென்று திரையை இழுக்க முடியாது. அதற்காகத்தானே அந்தத் திரையை வாங்கினார்கள்!

இந்த நேரத்தில் பலரும் செய்வது ஒன்றுதான். திரையின் மோட்டாரில் உள்ள சிறு பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். சில வேளைகளில் அது பலிக்கும். ஆனால் கோளாறு எங்கே இருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த மழைக்கும் அதே கதைதான்.

‘இணையம் வந்துவிட்டது’ என்பதும் ‘திரைக்கு இணைப்பு வந்துவிட்டது’ என்பதும் இரு வேறு செய்திகள். இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், உயர்நிலைப்பள்ளி மாணவரான நீங்களே வீட்டில் கோளாற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று மீட்டருக்கு ஒரு நீண்ட பயணம்

நீங்கள் சோபாவில் அமர்ந்து ‘மூடு’ என்று தட்டுகிறீர்கள். திரை மூன்று மீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் பல வீடுகளில் அந்தக் கட்டளை நேராகத் திரைக்குப் போவதில்லை.

முதலில் அது வைஃபை வழியாக ரவுட்டருக்குப் போகிறது. அங்கிருந்து கண்ணாடி இழைக் கம்பிவடத்தில் ஏறி, திரையைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. அந்த சர்வர் வேறொரு நாட்டில் இருக்கலாம். கட்டளை அனுப்பியது நீங்கள்தானா என்று அது சரிபார்த்து, உத்தரவை உங்கள் வீட்டு ரவுட்டருக்கே திருப்பி அனுப்புகிறது. ரவுட்டர் அதைத் திரையிடம் சேர்க்கிறது. மின்கலத்தில் இயங்கும் திரையாக இருந்தால் நடுவில் ‘ஹப்’ எனப்படும் சிறு பெட்டியும் இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்த, அது குறைந்த ஆற்றல் கொண்ட வானொலி அலையில் திரையுடன் பேசும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து அங்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 15,500 கிலோமீட்டர். போய்வர 31,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆகவே பயணத்துக்கு மட்டும் குறைந்தது 0.155 விநாடி ஆகும். இவ்வளவு குறுகிய நேரத்தை நாம் உணர்வதே இல்லை. அதனால்தான் பாதை எவ்வளவு நீளமானது என்பது நமக்குத் தெரிவதில்லை. அதில் ஒரு கண்ணி அறுந்தால்தான் தெரிகிறது.

இணையம் நின்று திரும்பும்போது அறுந்துபோகக்கூடிய கண்ணிகள் முக்கியமாக நான்கு.

ஒன்று: எழும் வரிசை

மழையில் மின்சாரமும் சேர்ந்து போயிருந்தால், மின்சாரம் திரும்பியவுடன் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழித்தெழும். திரையின் மோட்டாருக்குள் இருக்கும் சிறு கணினி சில விநாடிகளில் தயாராகிவிடும். ரவுட்டருக்கோ சில நிமிடங்கள் வேண்டும். திரை கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் இல்லை. மீண்டும் கூப்பிடுகிறது, பதில் இல்லை.

விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் மின்கலம் தீர்ந்துவிடும். அதுமட்டுமன்று. ஒரு வட்டாரத்தில் உள்ள ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே விநாடியில் சர்வரின் கதவைத் தட்டினால், அதுவும் திணறிப்போகும். ஆகவே பல கருவிகள் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்குகின்றன: 1 விநாடி, 2, 4, 8, 16 என்று. பத்து முறை இரட்டிப்பானால் 1,024 விநாடி, அதாவது 17 நிமிடம். ரவுட்டர் தயாராகி வெகுநேரம் ஆன பிறகும் திரை ‘தூங்கி’க்கொண்டிருப்பதற்கு இது ஒரு காரணம்.

‘உடனே கத்தாதே, சற்றுப் பொறுத்துப் பேசு’ என்ற இந்த எண்ணத்துக்கு நல்ல வரலாறு உண்டு. 1971ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர், தீவுகளில் இருந்த கணினிகளை வானொலி அலையால் இணைத்தார்கள். அதற்கு அலோஹாநெட் என்று பெயர். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிச் சிதைந்தன. அப்போது இரண்டும், சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல் வெவ்வேறு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பின. அதன் வாரிசுதான் இன்று உங்கள் வீட்டு வைஃபையிலும் இருக்கிறது.

இரண்டு: மாறிப்போன வீட்டு எண்

வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. 192.168.1.23 என்பதுபோல் இருக்கும். அதை ரவுட்டர்தான் கொடுக்கிறது; அதுவும் நிரந்தரமாக அன்று, வாடகைக்கு. குறிப்பிட்ட நேரம் கழித்து அதைப் புதுப்பிக்க வேண்டும். ரவுட்டர் அணைந்து எழும்போது பழைய வாடகைப் பட்டியலை மறந்துவிட்டால், திரைக்குப் புதிய எண் கிடைக்கலாம். பழைய எண் தொலைக்காட்சிக்குப் போயிருக்கலாம். பழைய எண்ணையே நினைவில் வைத்திருக்கும் ஹப், குடிமாறிய வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு நிலையான தீர்வு உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட 48 பிட் அடையாள எண் ஒன்று இருக்கிறது. ‘இந்த அடையாளம் உள்ள கருவிக்கு எப்போதும் இதே வீட்டு எண்ணைக் கொடு’ என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் எழுதி வைத்துவிடலாம்.

மூன்று: மாறிப்போன சேனல்

வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் செல்கின்றன. 2.4 மெதுவானது, ஆனால் சுவரை நன்றாக ஊடுருவும், கருவிக்கான செலவும் குறைவு. அதனால் பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்கு அது மட்டும்தான் ‘காது கேட்கும்’. உங்கள் திறன்பேசியோ இரண்டையும் கேட்கும். ஆகவே 2.4 அலைவரிசை மட்டும் கோளாறாகிவிட்டால், உங்கள் திறன்பேசியில் காணொளி தடையின்றி ஓடும். திரை மட்டும் அனாதையாக நிற்கும்.

2.4 அலைவரிசைக்குள்ளும் சேனல்கள் உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவிலோ வழக்கத்தில் 11 வரைதான். மறுபடி எழும் ரவுட்டர், நெரிசல் குறைவு என்று 12 அல்லது 13ஆம் சேனலைத் தானாகத் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்கச் சந்தைக்கெனத் தயாரித்து இணையத்தில் வாங்கப்பட்ட திரையாக இருந்தால், அந்தச் சேனல் அதன் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ரவுட்டரில் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை நிலையாக வைப்பது பாதுகாப்பானது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதுவதில்லை.

நான்கு: 1970ல் விழித்தெழும் கடிகாரம்

இதுதான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. மலிவான பல கருவிகளில், மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்தவுடன் அவற்றின் நேரம் பெரும்பாலும் 1970 ஜனவரி 1, நள்ளிரவு. யுனிக்ஸ் வகைக் கணினிகள் நேரத்தை அந்த நொடியிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. சரியான நேரத்தை இணையத்திலிருந்து கேட்டுப் பெற வேண்டும். அதற்கான முறையை டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர் 1985ல் வெளியிட்டார். அதன் புதிய வடிவங்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

நேரம் தவறினால் என்ன குடிமுழுகிவிடும் என்கிறீர்களா? சர்வர் தான் உண்மையான சர்வர்தான் என்று காட்ட ஒரு மின்னிலக்கச் சான்றிதழை நீட்டும். அதில் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும்’ என்று இருக்கும். 1970ல் இருப்பதாக நினைக்கும் திரைக்கு அது எதிர்காலத்துச் சான்றிதழ். ‘இது இன்னும் செல்லுபடியாகாது’ என்று இணைப்பைத் துண்டித்துவிடும். திரை தன் கடமையைத்தான் செய்கிறது. ஆனால் தவறான தேதியை நம்பிச் செய்கிறது.

இன்னொரு துப்பும் உண்டு. காலை 7 மணிக்குத் திறக்க வேண்டிய திரை பிற்பகல் 3 மணிக்குத் திறந்தால், வித்தியாசத்தைக் கவனியுங்கள்: சரியாக 8 மணி நேரம். நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அப்படியானால் கடிகாரம் சரிதான். திரை தன் நேர மண்டலத்தைத்தான் மறந்துவிட்டது. செயலியில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

பாதியில் வெட்டிப் பாருங்கள்

இனி துப்பறியும் வேலை. நீண்ட பாதையில் எந்தக் கண்ணி அறுந்தது என்பதை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. நடுவில் ஒரு சோதனை செய்தால், பாதிப் பாதையை ஒரேயடியாக விலக்கிவிடலாம். எட்டுக் கண்ணிகள் இருந்தால் மூன்று சோதனைகள் போதும். ஏனென்றால் 2 × 2 × 2 = 8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்பதில்லையா, அதே விதிதான்.

முதல் சோதனை: திரையோடு வந்த ரிமோட்டை அல்லது மோட்டாரில் உள்ள பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். திரை அசையவில்லை என்றால், அது இணையக் கோளாறே அன்று. மின்கலத்தையும் மின் இணைப்பையும் பாருங்கள். அசைந்தால் மோட்டார் நலம். அடுத்ததற்குப் போகலாம்.

இரண்டாம் சோதனை: திறன்பேசியின் கைப்பேசித் தரவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வைஃபை பலவீனமானால் திறன்பேசி சத்தமில்லாமல் 5ஜிக்குத் தாவிவிடும். ‘இணையம் வேலை செய்கிறதே’ என்ற உங்கள் சான்று, உண்மையில் வேறொரு பாதைக்கான சான்றாக இருக்கலாம்.

மூன்றாம் சோதனை: பெற்றோரின் அனுமதியுடன் ரவுட்டரின் செயலியைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். திரையோ அதன் ஹப்போ அதில் இருக்கிறதா? இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள், ரவுட்டருக்கும் திரைக்கும் இடையே: எழும் வரிசை, சேனல், மாற்றப்பட்ட மறைச்சொல் ஆகியவற்றில் ஒன்று. பட்டியலில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால்: கடிகாரம், சர்வர் அல்லது உங்கள் செயலி. ஹப்பின் பெயர் மட்டும் இருந்து ஒரு திரைதான் பேசவில்லை என்றால், ஹப்புக்கும் திரைக்கும் நடுவில் பாருங்கள்.

நான்காம் சோதனை: அதே நிறுவனத்தின் மற்றக் கருவிகள் எப்படி இருக்கின்றன? எல்லாமே மௌனம் என்றால் சர்வரையோ ஹப்பையோ சந்தேகியுங்கள். ஒன்று மட்டும் மௌனம் என்றால் அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

கோளாறு வீட்டுக்குள் என்று தெரிந்தால், வரிசையாக எழுப்புங்கள். முதலில் கண்ணாடி இழைப் பெட்டி, அடுத்து ரவுட்டர், பிறகு ஹப், கடைசியில் திரை. ஒவ்வொன்றின் விளக்கும் நிலையாக எரிந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாம் முடிந்ததும் 20 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஏன் 20 என்பதற்கு மேலே போட்ட 1,024 விநாடிக் கணக்குதான் காரணம்.

செய்யும் ஒவ்வொன்றையும் நேரத்துடன் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை அந்தத் தாள் உங்களுக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். வாடிக்கையாளர் சேவையை அழைக்க நேர்ந்தாலும், ‘வேலை செய்யவில்லை’ என்பதைவிட ‘ரவுட்டர் பட்டியலில் இருக்கிறது, ரிமோட்டில் அசைகிறது, செயலியில் மட்டும் இல்லை’ என்பது பத்து மடங்கு பயனுள்ள தகவல்.

எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் கடைசி ஆயுதம். அது வைஃபை மறைச்சொல்லை மட்டும் அழிப்பதில்லை. சில மாதிரிகளில், திரை எங்கே நிற்க வேண்டும் என்ற மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சேர்த்தே அழித்துவிடும். எல்லை தெரியாத மோட்டார் துணியை அளவுக்கு மீறிச் சுற்றிக் கிழித்துவிடலாம். கையேட்டைப் படித்த பிறகு, பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள்.

இன்னும் இரண்டு விதிகள். சுவர் மின்சாரத்தில் ஓடும் மோட்டாரின் மூடியைத் திறக்கவே கூடாது. அடுக்குமாடி வீட்டில், திரையை எட்டுவதற்காகச் சன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு ஏறவும் கூடாது. எந்தத் திரையும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

முகவரி தொலைந்த ஒரு நாள்

எல்லாச் சோதனையிலும் உங்கள் வீடு தேறிவிட்டது, ஆனாலும் திரை பேசவில்லை என்றால்? அப்போது கோளாறு உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. 2025 அக்டோபர் 20 அன்று உலகம் அதைப் பார்த்தது.

சிங்கப்பூர் நேரப்படி அன்று பிற்பகல் 3 மணிக்குச் சற்று முன், அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனத்தின் வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் ஒரு தரவுத்தளச் சேவையை யாராலும் அணுக முடியவில்லை. தரவுத்தளம் எங்கும் போய்விடவில்லை. அதன் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் பதிவுதான் காலியாகிவிட்டது. முகவரிகளைப் புதுப்பிக்கும் தானியங்கி நிரல்கள் இரண்டு, ஒரே நேரத்தில் ஒரே வேலையில் இறங்கி இடறிக்கொண்டதே காரணம். முகவரி மூன்று மணி நேரத்துக்குள் சரிசெய்யப்பட்டது. ஆனால் குவிந்துபோன வேலைகளாலும் தொடர் கோளாறுகளாலும், எல்லாம் சீராக மேலும் பல மணி நேரம் ஆனது. கோளாறு நீங்குவதும் இணைப்பு திரும்புவதும் வேறு வேறு என்பது உலக அளவிலும் உண்மைதான்.

அன்று அமெரிக்காவில் நீரோட்டத்தால் சூடும் குளிர்ச்சியும் தரும் மின்னிலக்க மெத்தைகள் சில, வைத்த நிலையிலேயே சிக்கிக்கொண்டன. தங்கள் சொந்தப் படுக்கையின் வெப்பத்தைக் குறைக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள். அதன் பிறகு அந்த நிறுவனம், இணையம் இல்லாதபோது திறன்பேசியிலிருந்து புளூடூத் வழியாக நேராகக் கட்டுப்படுத்தும் வசதியைச் சேர்த்தது.

முதலிலேயே அது ஏன் இல்லை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. திரையும் திறன்பேசியும் ஒரே அறையில் இருக்கும்போது, கட்டளை உலகைச் சுற்ற வேண்டியதில்லை. 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்ற பொதுத் தரமுறை இதற்கு வழிசெய்கிறது. பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய அந்தத் தரமுறையில், கட்டளைகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே செல்லலாம். சன்னல் திரைகள் அதன் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றன. வெளியூரிலிருந்து திரையை இயக்க அப்போதும் இணையம் வேண்டும். ஆனால் வீட்டில் இருப்பவருக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டில் அடுத்த முறை இப்படி ஒரு கருவி வாங்கும்போது, கடைக்காரரிடம் விலையைக் கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “இணையம் இல்லாவிட்டால் இது என்னென்ன செய்யும்?” வயதானவரோ உடற்குறையுள்ளவரோ நம்பியிருக்கும் கருவி என்றால், அந்தக் கேள்வி விலையைவிட முக்கியம். கையால் தட்டும் பொத்தானோ ரிமோட்டோ இல்லாத திரையை வாங்க வேண்டாம் என்று துணிந்து சொல்லுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்த மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் எவருக்கும் இணையம் அவசரமாகத் தேவைப்படாத ஒரு நேரத்தில், பெற்றோரிடம் சொல்லிவிட்டு, ரவுட்டரை இணையத்துடன் இணைக்கும் கம்பிவடத்தை மட்டும் 10 நிமிடம் கழற்றி வையுங்கள். ரவுட்டரை அணைக்க வேண்டாம். உங்கள் திறன்பேசியில் கைப்பேசித் தரவை அணைத்து, வைஃபையை மட்டும் விட்டுவையுங்கள். வீட்டுத் தொலைபேசியும் அதே ரவுட்டரில் ஓடினால், அதுவும் நின்றுவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள்: கருவியின் பெயர், செயலியில் இயங்கியதா, பொத்தானிலோ ரிமோட்டிலோ இயங்கியதா. விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு, சன்னல் திரை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதுங்கள். கம்பிவடத்தைத் திரும்பச் செருகிய பின், எந்தக் கருவி எத்தனை நிமிடத்தில் மீண்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம், மூன்றாம் பத்திகள் இரண்டிலும் ‘இல்லை’ என்று வந்த கருவிகளை வட்டமிடுங்கள். உங்கள் வீட்டில் இருந்தும் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத கருவிகள் அவைதாம். அந்தத் தாளை இன்றிரவே குடும்பத்தாரிடம் காட்டுங்கள்.